உப்பில்லாத இரண்டு வருடம்

13.06.2005, திங்கள்
கொழும்பு. விடியவே புழுக்கம். மூன்று மாதத்துக்கான மருந்துக் குளிசை எடுக்கக் கிளினிக். ஒன்பதாம் இலக்கம்.

புது டொக்டர், இளம் பெண், நம்மூர்த் தமிழ். கையில் பட்டியைச் சுற்றினார். 164/102. பத்து நிமிடம் இருத்தி வைத்துத் திரும்பவும். 162/100.

"ஐயா, உங்களுக்குப் பிரஷர்."

சிரித்துவிட்டேன். அவருக்குக் கோபம்.

"சிரிக்கிற விசயமில்லை. எச்.ஐ.வி. மருந்து எத்தினை வருசமா எடுக்கிறியள்?"

"எட்டு. ஜெர்மனியில துவங்கினது."

"அந்த மருந்தாலதான் உயிரோட இருக்கிறியள். இருந்தா, மற்ற ஆக்களுக்கு வாற நோய் வருத்தமும் வரும்தானே. உப்பைக் குறையுங்கோ, நடவுங்கோ. இந்தக் குளிசை காலமை எழும்பினதும் ஒண்டு. வீட்டில ஆருக்குத் தெரியும்?"

"ஒருத்தருக்கும் தெரியாது."

"தெரிஞ்ச ஆள் ஒராள் வேணும்."

நாற்பதைக் காண்பது கஷ்டம் என்று அங்கே சொல்லிவிட்டிருந்தார்கள். இப்போது வயது 47. அப்பாவுக்கு வந்த பிரஷர், அப்பாவுக்கு வந்த வயதில், எனக்கும்! சந்தோஷம் தாங்கவில்லை. கடையில் பிளேன்ரீ, இரண்டு வடை. உப்பு ஞாபகம் வந்து இரண்டாவதை வைத்துவிட்டேன். (பாதி தின்ற பிறகு.)

14.06, செவ்வாய்
ஓமந்தைச் சோதனைச் சாவடி. நெருப்பு வெயில், நீள வரிசை. பையைக் கிளறிய ஆமிக்காரன் அரைத் தமிழில், "என்ன குளிசை?"

"பிரஷருக்கு."

ஊர் திரும்பி இரண்டு வருடமாக எல்லோருக்கும் இதே பதில். அக்காவுக்கும். இன்றுதான் முதல் தடவையாக அதில் கொஞ்சம் உண்மை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்.

16.06, வியாழன்
சோளகக் காற்று புழுதியை வாரி அடிக்கிறது. திருத்த வந்த இரண்டு வோட்டர் பம்ப் கழற்றியது. ஒன்றுக்கு வாஷர் இல்லை.

அக்கா (ராசமலர், என்னிலும் ஒன்பது வயது மூப்பு, தனி ஆள், பக்கத்து வளவில் வீடு) எனக்கும் சேர்த்துத்தான் சமைப்பார். பிரஷர் என்று நான் சொன்ன நாளிலிருந்து கறியில் உப்பே கிடையாது. நானோ ஆயுதப் பெட்டிக்குள், ஸ்பனர்களுக்குக் கீழே, கருவாட்டு வியாபாரி மஜீத் நானாவிடம் வாங்கிய முல்லைத்தீவுக் கருவாட்டை ஒளித்து வைத்திருக்கிறேன். வெட்கம்தான். நல்ல ருசியும்தான்.

அக்காவிடம் சொல்ல வேண்டும். பயம் ஒன்றே ஒன்று. ஞாயிறுகளில் மீன் சட்டியின் அடிக்குழம்பில் சோற்றைக் குழைத்து, உருட்டி, என் கையில் வைப்பார். அதே சட்டி, அதே கை. அது நின்றுவிட்டால்? எனக்கென்று தனிச் சோற்றுக் கோப்பை வந்துவிட்டால்?

19.06, ஞாயிறு
சொல்லிவிட்டேன். சமைக்க முதலே, என் வீட்டு வாசலுக்கு அக்காவைக் கூப்பிட்டு.

வாசல் படியில் குந்தினார். பிறகு,

"தொட்டா வருமோ?"

"வராது அக்கா."

"சாப்பாட்டில?"

"அதிலயும் வராது."

"செத்துப் போவியோடா?"

"மருந்தை விடாமல் போட்டு, பிரஷரையும் பாத்தா, கிழவனாவன்."

"பிரஷரோ? அதுதானே நெடுக இருக்கு."

"அது... போன திங்கள்தான் வந்தது."

எழுந்தார். முகம் மாறிவிட்டது.

"அப்ப ரெண்டு வருசமா? நீ ஒருத்தன் சப்பெண்டு தின்னுறாயே எண்டு நானுமெல்லோ உப்பில்லாமல் திண்டனான்!"

இது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. கண் தானாக ஆயுதப் பெட்டிப் பக்கம் போனது. அக்காவின் கண்ணும் கூடவே போனது. பெட்டியைத் திறந்து, கருவாட்டுப் பொட்டலத்தோடு வேலி கடந்து போய்விட்டார். இன்று குழையல் இல்லை.

22.06, புதன்
சாப்பாடு வருகிறது. வேலிக் கட்டையில், மூடி, என் கோப்பையில். கதை பேச்சு இல்லை. கோபம் கருவாட்டுக்கா, எச்.ஐ.வி.க்கா? அழுதேன், எழுதாமல் விடுவானேன்.

மத்தியானம் அக்காவின் குசினியிலிருந்து கருவாடு பொரிக்கும் வாசம். ஊரே மணக்கிறது. வேண்டுமென்றே! என் கோப்பையில் உப்பில்லாத பூசணிக்காய். தனியே இருந்து விழுந்து விழுந்து சிரித்தேன்.

26.06, ஞாயிறு
இரணைமடுக் குளக்கட்டில் போக வர ஒரு மணி நேர நடை. நாரை பதினொன்று. குளிசை இரண்டு வகையும் சரி. குழையல் இன்றும் இல்லை.

03.07, ஞாயிறு
காற்று விழுந்துவிட்டது. மருந்துச்சாலையில் நேர்ஸ் அளந்தார். 134/84! கடதாசித் துண்டில் எழுதி வாங்கினேன். சைக்கிளை உழக்கி நேரே அக்காவிடம்.

கண்ணாடி போட்டு இரண்டு தரம் வாசித்தார். துண்டைச் சாமிப் படத்துக்குக் கீழே செருகினார். "இரு" என்றார். பதினான்கு நாளில் முதல் சொல்.

குளத்து விரால். சட்டியில் சோற்றைப் போட்டுக் குழைத்தார். முதல் உருண்டை என் கையில். பாதி கடித்தேன், கண் நிறைந்துவிட்டது. அக்கா மிச்சப் பாதியை என் கையிலிருந்து எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

"சப்பெண்டு கிடக்கு" என்றார் மென்றுகொண்டே. கருவாடு முடிந்துவிட்டதாம். அவரும் திரும்ப உப்பை நிறுத்திவிட்டாராம்.

"எவ்வளவு நாளைக்கு அக்கா இப்பிடி?"

"நீ கிழவனாகுமட்டும். கையை நீட்டு."