வேனுக்குள் எரிந்த நீலச் சுடர்

ஆடி மாதம் 1988, வியாழன் இரவு

செம்பாக்கம் ஏரிக்கரையில் இன்று எங்கள் மருத்துவ வேனில், சிலிண்டர் கேஸ் சுடரில் ஓடும் ஃபிரிட்ஜ் அணைந்துவிட்டது. உள்ளே போலியோ சொட்டு மருந்து. வெளியே வெயிலில் குழந்தைகளோடு தாய்மார்கள்.

டிரைவர் செல்வம் அண்ணன் பட்டனை அழுத்திப் பற்ற வைத்தார். சுடர் மஞ்சளாகத் தள்ளாடியது. பட்டனை விட்டதும் அணைந்தது. சிலிண்டரை மூடிவிட்டு பர்னர் குழாயைக் கழற்றி ஊதினார். சிலந்தி வலை வந்து விழுந்தது. கழற்றியதில் அவர் விரல் கிழிந்திருந்தது. கட்டுப் போட்டேன்.

"குழாய மாட்டிட்டேன் சிஸ்டர். கேஸ் வாடை போய்ட்ச்சு. நான் பட்டனப் புடிச்சிக்கிறேன், நீங்க பத்த வைங்க."

அக்காவின் ஸ்டவ் வெடித்த நாளிலிருந்து நான் தீக்குச்சியைத் தொட்டதில்லை. வீட்டு அடுப்பைக்கூட என் கணவர்தான் பற்ற வைத்துத் தருகிறார். அண்ணனிடம் தீப்பெட்டியை வாங்கிக் குச்சியை உரசி நீட்டினேன்.

சுடர் நீலமாக நின்றது. அண்ணன் முப்பது எண்ணிப் பட்டனை மெல்ல விட்டார். அணையவில்லை. தெர்மாமீட்டரைப் பார்த்தேன், குளிர் கெடவில்லை. ஆனாலும் எழ மனமில்லாமல் முழங்காலிட்டுச் சுடரையே பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தைகளின் அழுகை தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல் கேட்டது.

"இன்னா சிஸ்டர், தூங்கிட்டீங்களா?"

எல்லாக் குழந்தைகளுக்கும் மருந்து கொடுத்துவிட்டுத்தான் வந்தோம்.

இப்போது கண்ணை மூடினால் அந்த நீலம்தான் தெரிகிறது. இத்தனை வருடமாகத் தெரிந்தது அக்காவின் ஸ்டவ் நெருப்பின் நிறம்.