வேட்டிக் கஞ்சியில் முக்கிய விரிப்பு

மாமா,

வாளியில ஊறுற பெட்ஷீட்ட நீங்கதான் துவைக்கணும். புருஷன்கிட்ட இப்படிக் கேக்கவே கூடாதுன்னு சொல்லித்தான் எங்கம்மா கட்டிக்குடுத்துச்சு. கேட்டுட்டேன்.

மொத சம்பளத்துல ஆசப்பட்டு வாங்குன சாட்டின் விரிப்பு. அத உங்க வேட்டியோட கஞ்சியில முக்கி, நீலமும் போட்டு, அப்பளமாட்டம் விறைக்க வச்சுட்டு, “ஒரு பெட்ஷீட்டுக்கா இம்புட்டு ஆட்டம்? வேலைய விட்டுட்டு வீட்டப் பாரு”ன்னு என்னையவே வையிறீங்க.

பச்சத் தண்ணியில நாலு தடவ அலசுங்க. முறுக்காதீங்க, கல்லுல அடிக்காதீங்க. நெழல்ல காயப்போடுங்க.

புளிக்கொழம்பு சட்டியில இருக்கு. சோறு மட்டும் வடிச்சுக்கோங்க.

எனக்கு மாத்தல் வந்த திண்டுக்கல் ஆபீஸ்ல இன்னிக்கே சேர்றேன். ஆஸ்டலுக்குப் பணம் கட்டியாச்சு.

முனீஸ்வரி

காஞ்சதும் விரிப்பக் கொண்டுவாங்க. ஆம்பளைங்கள உள்ள விடமாட்டாங்க, கேட்ல நின்னு போன் பண்ணுங்க. வேலைய விடச் சொல்லி மட்டும் வராதீங்க.

ஆட்டோ வந்துருச்சு. போறேன்.