கங்காணிம்மா என்று கூப்பிட்டார்கள்

ஜூன் 9, திங்கள்
விடியும் முன்பிருந்தே மழை. ரெயின்கோட்டு கிழிசல். ஹட்டன் போனால் வாங்க வேண்டும்.

கங்காணி வேலை கிடைத்துப் பதினோராவது நாள். இந்தத் தோட்டத்தில் முதல் பெண் கங்காணி நான்தான். காலைப் பெரட்டில் ஆட்களின் பேர் எழுதிக்கொண்டு தோட்ட அதிகாரி சின்னத்துரை பக்கத்தில் நிற்கிறேன். செல்வி ஓடி வருகிறாள். ஒரே லயத்து வரிசையில் வீடு, ஒரே வகுப்பு, ஒன்பது வருஷம் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து பறித்தவர்கள் நாங்கள்.

"ஏய் வளரு, எம்பேரையும் சேத்துக்கடி."

சின்னத்துரை சிரித்துவிட்டார். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. நேரமாச்சு, வீட்டுக்குப் போ என்றேன். பிந்தினது இரண்டே நிமிஷம். அவளுக்கும் பின்னால் வந்த ராக்காயியின் பேரை எழுதிக்கொண்டேன். செல்விக்கு ஒரு நாள் சம்பளம் போச்சு. போகட்டும். மரியாதை தெரியாதவள்.

ஜூன் 10
மழை இல்லை. கொழுந்து பரவாயில்லை.

எல்லோரும் சொல்லி வைத்த மாதிரி கங்காணிம்மா, கங்காணிம்மா. நிரைப் பக்கம் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. தேத்தண்ணி நேரத்தில் ஒரு துண்டு ரொட்டி நீட்ட ஆளில்லை. கேட்ட மரியாதை கிடைத்தது, அதற்கும் எரிச்சல். எனக்கு என்னதான் வேண்டுமாம்?

செல்வி நேரத்துக்கு முன்பே வந்து நின்றாள். "எந்த நெரைங்க கங்காணிம்மா?" நக்கல் என்றால் திட்டியிருப்பேன். நக்கல் இல்லை.

ராக்காயிமேல் இரண்டு தடவை சும்மா எரிந்து விழுந்தேன்.

ஜூன் 11
பனிமூட்டம். தலையிடி. குடையைக் காணோம்.

பழைய கங்காணி பெருமாளண்ணனை நேரிலேயே மொட்டை என்பார்கள். சிரித்துக்கொண்டே வேலை வாங்குவார். அவர் யாரென்று அவருக்குத் தெரியும். எனக்கு? வளரு என்றால் சின்னத்துரை முன்னால் கூனிப் போகிறேன். கங்காணிம்மா என்றால் வேறு யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. அடுத்தவள் வாயில் வருகிற ஒரு சொல்லுக்கு இந்த ஆட்டம். சீ. செல்வியை நான் திருப்பி அனுப்பினதே எனக்கே என்னைப் பிடிக்காமல்தான்.

ஜூன் 12
லேசான வெயில். சவர்க்காரம், பருப்பு, நெருப்புப்பெட்டி.

வேலை முடிந்து செல்வி வீட்டுக்குப் போனேன். பிந்தினதற்காக இல்லை, நீ கூப்பிட்ட விதத்துக்காகத்தான் அனுப்பினேன், தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். "தெரியுங்க" என்றாள். அவ்வளவுதான்.

எப்போதும் அவள் அடுப்படியில், தரையில், சுவரில் சாய்ந்துதான் உட்காருவேன். இன்றைக்கு உள்ளே போய் பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கி வந்தாள். முந்தானையால் துடைத்துப் போட்டாள்.

"உக்காருங்க."

உட்கார்ந்தேன்.