தீக்காய வார்டில் நாலு கட்டில்

ஏப்ரல் 12, ஞாயிறு
எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு டைரியா? மருமகள் மமதா போனில் மைக் பட்டனைக் காட்டினாள். பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது.

புத்த பௌர்ணமிக்கு எங்கள் விகாரையில் பட்டிமன்றம். நாடு அணுகுண்டை வைத்துக்கொண்டு புதுப்பிக்க வேண்டுமா, வேண்டாமா? ‘வேண்டாம்’ அணியில் பேசுகிறேன் என்றேன். செயலாளர் பாலகுமார் சிரித்தான்.

“பேச்சை முன்னாடியே எழுதிக் குடுக்கணும் தாத்தா. உங்களுக்கு ஆகாது, விட்ருங்க.”

எனக்கா ஆகாது? ஆஸ்பத்திரியில் முப்பத்தாறு வருஷம் வார்டு பாய். எந்தக் கட்டிலில் யார் செத்தார், யார் எழுந்து நடந்தார் — எல்லாம் தலையில் இருக்கிறது.

ஏப்ரல் 19, ஞாயிறு
நடுவர் ராஜலக்ஷ்மி டீச்சரிடமே போய்விட்டேன். அவர் பாலகுமாரைக் கூப்பிட்டு, “பேசறதுக்கு வாய் போதும், பாலகுமார். அவர் பேசட்டும்” என்றார்.

ஏப்ரல் 27, திங்கள்
எதிரணி கஸ்தூரிரங்கன் சார். வசதியான ஏரியா ரிச்சர்ட்ஸ் டவுன், ரிட்டையர்டு இன்ஜினியர். தோத்தா தெருவே சிரிக்கும்.

மே 1, வெள்ளி
ஜெயிச்சுட்டேன்!

சார் நன்றாகத்தான் பேசினார். “குண்டு இருக்கறதாலதான் பெரிய யுத்தம் வரலை. பழசுக்கு எவன் பயப்படுவான்? புதுப்பிச்சே ஆகணும்.” எனக்கே ஒரு நிமிஷம் சரிதானோ என்று பட்டது.

என் முறை. “தொண்ணூத்தெட்டு, மே பதினொண்ணு, திங்கக்கிழமை. அன்னிக்கும் புத்த பௌர்ணமி. இதே வாசல்ல பாயசம் ஊத்தினோம். சாயங்காலம் நம்ம நாடு குண்டு வெடிச்ச சேதி, தெருவுல பட்டாசு. பதினேழாம் நாள் பாகிஸ்தானும் வெடிச்சான். அடுத்த வருஷம் கார்கில்.”

“அது பெருசாகலையேப்பா! அதான் குண்டோட வேலை.”

“ஆகலை சார், சந்தோஷம். ஒரே ஒரு நாள் தப்பிப்போச்சுன்னா? எங்க தீக்காய வார்டுல நாலு கட்டில். ஸ்டவ் வெடிச்ச ஒரு பொம்பளைக்குக் கட்டு மாத்த ரெண்டு பேர், ஒண்ணரை மணி நேரம். இந்த ஊர்ல ஒரு கோடி பேர் சார். யார் மாத்துவாங்க? குண்டைப் புதுப்பிக்கணும்கறீங்க. நான் சேர்ந்தப்பவும் நாலு கட்டில், வெளிய வந்தப்பவும் நாலு கட்டில்.”

என் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். சொதப்பிட்டேனோ என்று நினைப்பதற்குள் முன்வரிசை எழுந்து நின்று கைதட்டியது. டீச்சர் தீர்ப்பு எங்கள் பக்கம். பாலகுமாரே மாலை போட்டான். “சக்கத்து தாத்தா, சூப்பர்!”

மாலையைக் கழற்ற மனசில்லை. அதோடுதான் சாப்பிட்டேன்.

மே 3, ஞாயிறு
கஸ்தூரிரங்கன் சார் வீட்டுக்கு வந்தார். “நான் மாறலை ஜெயராமன். குண்டு வேணும்தான்.” டீயைக் குடித்துவிட்டுப் பையிலிருந்து ஒரு மனுவை எடுத்தார். தீக்காயக் கட்டில்களைக் கூட்டச் சொல்லி மந்திரிக்கு. “முதல்ல நீங்க.”

கைநாட்டு வைத்தேன். அதற்குக் கீழேதான் அவர் கையெழுத்து.