நோயைக் கூவி அழைக்கும் நடைக்கூடம்

அனுப்புநர்:
திருமதி ஃபிலோமினா அமலதாஸ்,
காக்ஸ் டவுன், பெங்களூரு.

பெறுநர்:
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
வட்டாரப் பொது மருத்துவமனை, பெங்களூரு.

பொருள்: மனநலப் பிரிவுக்கு வருவோரைப் பலர் முன்னிலையில் நோயைச் சொல்லி அழைப்பதை நிறுத்தவும், என் மகளுக்கு உடனே சிகிச்சை அளிக்கவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்களிடம் நேரில் பேசவே வந்தேன். தாங்கள் கூட்டத்தில் இருப்பதாகவும், எழுத்தில் கொடுத்தால்தான் உள்ளே போகும் என்றும் தங்கள் உதவியாளர் சொன்னார். ஆகவே தமிழில் எழுதுகிறேன். பக்கத்து வீட்டு மஞ்சுநாத் அருகில் அமர்ந்து இதைக் கன்னடத்தில் எழுதுகிறார். இரண்டுக்கும் வேறுபாடு இருந்தால் தமிழில் உள்ளதே என் சொல்.

1. நான் கணவரை இழந்தவள். பள்ளி ஆசிரியையான என் மகள் மௌரீனுடன் வசிக்கிறேன். ஆகஸ்ட் முதல் அவளுக்குச் சரியான தூக்கமில்லை. பேருந்தில் ஏறினால் நெஞ்சு படபடத்து மூச்சு முட்டுகிறது. குளிக்கக்கூட எழ முடியாமல் கட்டிலிலேயே உட்கார்ந்திருக்கிறாள். இருதயத்தில் குறையில்லை, பதற்றமும் மனச்சோர்வுமாக இருக்கலாம், மனநல மருத்துவரைப் பாருங்கள் என்றார் இருதய மருத்துவர்.

2. ஜெபித்தால் போதும் என்றனர் உறவினர். நான் ஜெபத்தை விட்டவளல்ல. ஆனால் சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டுத்தான் ஜெபத்துக்கு உட்காருகிறேன். மகளைத் தங்கள் மருத்துவமனைக்கு அழைத்து வந்தேன்.

3. அது சென்ற வாரம். மனநலப் பிரிவுக்குப் போகும் நடைக்கூடத்தில், ஊசிக்கும் கட்டுப் பிரிக்கவும் வந்தவர்கள் நெருக்கியடித்து நின்றார்கள். வாயில் ஊழியர் முனிகிருஷ்ணன் எல்லோருக்கும் கேட்க, "மெண்டல் கேஸ்லாம் இந்தப் பக்கம் வாங்க!" என்று குரல் கொடுத்தார். வரிசையில் நின்ற ஒரு மாணவியின் தாய் திரும்பிப் பார்த்து, "டீச்சர், நீங்களா?" என்றார். மௌரீன் சீட்டைக் கீழே போட்டுவிட்டு வெளியேறிவிட்டாள்.

4. முனிகிருஷ்ணன் கெட்டவரல்ல. நான் கேட்டபோது, "எப்பவும் இப்படித்தானேம்மா கூப்பிடறோம்" என்றார். அந்த 'எப்பவும்' மீதுதான் என் புகார். அவரைத் தண்டிக்க வேண்டாம், சொல்லிக்கொடுங்கள்.

5. அவர் தலைக்கு மேலேயே தங்கள் சுவரொட்டி இருக்கிறது. இரண்டு வாரங்களுக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, அன்றாட வேலை தடைப்பட்டால் தயங்காமல் வரச் சொல்கிறது. வாழ வேண்டாம் என்று தோன்றினால் அன்றே வரச் சொல்கிறது. நாங்கள் தயங்காமல்தான் வந்தோம், ஐயா. தயங்க வைத்தது இந்த மருத்துவமனை.

6. நேற்று மாலை, தான் இல்லாமல் போனால் எனக்குச் சுமை குறையும் என்று மௌரீன் சொன்னாள். அதன்பின் அவளைத் தனியே விடவில்லை. மனநல உதவி எண்ணில் பேசியவர் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டச் சொன்னார். இங்கே அவசரப் பிரிவில் கேட்டால் அதே நடைக்கூடத்தைக் காட்டுகிறார்கள். அதற்குள் நுழையமாட்டேன் என்கிறாள் என் மகள்.

எண் சொல்லி அழைப்பது, தனி வழி அமைப்பது ஆகியவற்றை இம்மாதத்துக்குள் செய்து எனக்கு எழுத்தில் தெரிவியுங்கள். ஒன்று மட்டும் மாதக் கடைசி வரை காத்திருக்காது. நுழைவாயிலுக்கு வெளியே ஆட்டோவில், மஞ்சுநாத்தின் மனைவி வீணாவின் கையைப் பிடித்துக்கொண்டு மௌரீன் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு மருத்துவரையோ செவிலியரையோ அங்கே அனுப்புங்கள். பெயர் சொல்லி மெதுவாக அழைத்தால் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

தங்கள் கூட்டம் முடியும்வரை அவளைக் காக்க வைக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்ளும்,

ஃபிலோமினா அமலதாஸ்
(கையொப்பம்)

நாள்: 15.10.2025
இடம்: தங்கள் அறை வாசல்