தணிக்கை கட்டுரையில் ஒரு பெயர்

குளூஜ்,
14 நவம்பர் 2004

அன்பு மகள் ருக்சாந்திராவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம்தான், மொன்ட்ரியாலில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தை மத்தேயும் அந்தக் குளிரிலும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே எங்கள் நினைப்பு. அம்மாவுக்கு முழங்கால் வலி மாடிப்படி ஏறும்போது மட்டும்தான், ஆனால் லிஃப்ட் பழுதாகி மூன்று வாரம் ஆகிறது. முட்டைக்கோஸை உப்புநீரில் ஊறப்போட்டு பீப்பாயை பால்கனியில் வைத்துவிட்டாள், இந்த வருஷம் சதகுப்பைக் கீரைத் தண்டு அதிகமாகிவிட்டது என்று தினமும் என்னையே குறை சொல்கிறாள், வாங்கி வந்தவன் நான் என்பதால். மத்தே இருமுகிறான் என்றாயே, மருந்துக்கு ஓடாதே, லிண்டன் பூவைக் கொதிக்கவைத்துத் தேன் விட்டுக் கொடு.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கோபத்தோடு போனை வைத்தது எனக்கு ஆறவே இல்லை. உன் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. நாங்கள் தயாரிக்கும் அரசியல் அறிவியல் கலைக்களஞ்சியம் நீ பாடம் நடத்தும் வகுப்பிலும் மேஜையில் இருக்கப் போகிறது, அதில் 'தணிக்கை' என்ற கட்டுரையில் உன் அப்பா பெயரும், அதாவது உன் பெயரின் பின்பாதியும், நல்லவிதமாக வராது. "ஏம்ப்பா, 'ஒரு பதிப்பாசிரியர்'னு போட்டா போதாதா, எந்த மாணவன் வந்து யாருன்னு கேக்கப் போறான்" என்றாய். போனில் முழுவதும் சொல்ல வாய் வரவில்லை. உட்கார்ந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

1974இல் நான் வேலை பார்த்த பழைய கலைக்களஞ்சியத்தில் என் ஆசிரியர் தோக்கனைப் பற்றி அரைப் பக்கக் கட்டுரை இருந்தது. அவர் ஒரு மாநாட்டுக்காக வெளிநாடு போனவர் திரும்பவில்லை. ஓடிப்போனவர் பெயர் அச்சில் இருக்கக் கூடாது, கட்டுரையை எடு என்று கட்சி மேலிடத்து உத்தரவு வந்தது, எடுத்தேன். எடுத்தால் மட்டும் போதாது, வேறு கட்டுரைகளின் அடியில் 'காண்க: தோக்கன்' என்று எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் அடிக்க வேண்டும், அதற்கென்று ஒவ்வொரு 'காண்க'வுக்கும் ஓர் அட்டை, அந்த அட்டைப் பெட்டி என் பொறுப்பு. பதினோரு அட்டை எடுத்தேன், பன்னிரண்டாவதைத் தவறவிட்டேன். 'உள்ளாட்சி' கட்டுரையின் அடியில் 'காண்க: தோக்கன்' அப்படியே அச்சாகிவிட்டது. படித்தவர்கள் தோக்கன் வரவேண்டிய பக்கத்தைப் புரட்டினார்கள், அங்கே யாரும் இல்லை. நூலகங்களிலிருந்து கடிதம் வரத் தொடங்கியது, யார் இந்தத் தோக்கன் என்று. இல்லாத மனிதரை அப்போதுதான் ஊரே தேடியது.

விசாரணைக் கூட்டத்தில் யார் தவறு என்று கேட்டார்கள். கடைசி மெய்ப்பு பார்த்தவள் வியோரிகா முர்கு, என் அறையிலேயே எதிர் நாற்காலி. "நான்தான் கவனிக்கல" என்றாள். அட்டையைத் தவறவிட்டது நான் என்பது அங்கே வேறு யாருக்கும் தெரியாது, எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். நான் மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது உனக்கு இரண்டு வயது என்று பிறகு பலமுறை எனக்கே சொல்லிக்கொண்டேன். அவளை டுர்தாவில் ஒரு ஆலைக் கிடங்குக்கு அனுப்பினார்கள், அதன் பிறகு அவள் ஒரு மெய்ப்பும் பார்க்கவில்லை.

இப்போது தணிக்கை கட்டுரையை எழுதியிருக்கும் ஹோரியா நல்ல உழைப்பாளிப் பையன், பழைய கோப்பைத் தேடியெடுத்து 'மெய்ப்பு பார்த்த வியோரிகா முர்குவின் கவனக்குறைவால்' என்று எழுதிவிட்டான். கேட்டால் "கோப்புல அப்படித்தான் சார் இருக்கு" என்கிறான். அவன் மேல் தவறில்லை. ஆனால் யோசித்துப் பார் கண்ணு, செய்தித்தாளில் ஒரு பொய் வந்தால் மறுநாள் அது மீன் பொட்டலம் கட்டப் போய்விடும், கலைக்களஞ்சியத்தில் வந்தால் அறுபது வருஷம் நிற்கும், அதைப் பார்த்து நூறு பேர் எழுதுவார்கள், அந்த நூறைப் பார்த்து ஆயிரம் பேர். எதுவும் தெரியாத ஒரு மாணவன் முதன்முதலில் கதவைத் தட்டும் இடம் அது. அங்கே அவனுக்குச் சரியானதைச் சொல்ல வேண்டும், யார் சொன்னது என்று அடியில் கையெழுத்தும் இருக்க வேண்டும். இதற்காகத்தான் நாற்பது வருஷம் கண்ணைக் கெடுத்துக்கொண்டேன், வேறெதற்கு?

வியாழக்கிழமை பஸ் ஏறி டுர்தா போனேன். போகும் வழியிலேயே திருத்தம் எழுதினேன், உன் பேச்சைக் கேட்டு 'ஒரு பதிப்பாசிரியரின் பிழை' என்றே எழுதினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வியோரிகாவுக்கு எழுபத்தொன்று ஆகிறது, முதுகு வளைந்துவிட்டது, வாய் வளையவில்லை. கதவைத் திறந்ததும் "வாங்க ஐயா, முப்பது வருஷத்துல இன்னைக்குத்தான் பஸ் கிடைச்சுதா" என்றாள். எழுதிய தாளை எடுத்து நீட்டினேன். காபி வைத்தாள், தாளை வாங்கினாள், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பென்சிலைத் தேடினாள்.

படித்துவிட்டுச் சிரித்தாள். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உங்க பிழையா? மெய்ப்புல அந்த வரிய நான் மூணு தடவ பாத்தேன். பென்சில எடுத்தேன், திரும்ப வெச்சுட்டேன். ஒருத்தனாவது தேடட்டுமேன்னு விட்டேன். என் வாழ்க்கையில நான் துணிஞ்சு செஞ்சது அது ஒண்ணுதான், அதையும் உங்க பிழைன்னு அச்சடிச்சு எங்கிட்டேர்ந்து பிடுங்கிக்காதீங்க." நான் அழுதுவிட்டேன், மறைப்பானேன். முப்பது வருஷமாக நான் சுமந்த குற்றம் இறங்கிவிட்டது என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். அவள் விடவில்லை. "கூட்டத்துல வாயத் திறக்காம மேஜையப் பாத்தீங்களே, அது மட்டும் உங்களுது. அத எழுதுங்க" என்றாள்.

அங்கேயே, அவள் சமையலறை மேஜையில் உட்கார்ந்து புதிதாக எழுதினேன். 'துணிச்சலுடன் விட்டுவைத்தார்' என்று எழுதியிருந்தேன், 'துணிச்சலுடன்' என்பதை அடித்துவிட்டு "இதெல்லாம் படிக்கிறவன் முடிவு பண்ணட்டும், நீங்க தேதியப் போடுங்க" என்றாள். அடுத்த வரியில் 'அட்டைகளுக்குப் பொறுப்பான பதிப்பாசிரியர் உண்மை தெரிந்தும் பேசவில்லை' என்று எழுதியிருந்தேன். அதில் அவள் எதையும் அடிக்கவில்லை. ஓரத்தில் மட்டும் சின்னதாக, முப்பது வருஷத்துக்கு முன்பு மெய்ப்புகளில் கேள்வி கேட்ட அதே கையெழுத்தில், 'யார்?' என்று எழுதித் தாளை என்னிடம் நீட்டினாள்.

பெயரை எழுதிவிட்டேன் ருக்சாந்திரா. வெள்ளிக்கிழமை ஹோரியாவிடம் கொடுத்தாயிற்று, அச்சுக்குப் போய்விட்டது. இனி நீ போன் செய்தாலும் மாற்ற முடியாது, அதற்காகத்தான் முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு உனக்கு எழுதுகிறேன், இந்தத் தந்திரத்துக்கு மன்னித்துக்கொள்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். மத்தேவுக்குக் காது மூடும் தொப்பி போடாமல் வெளியே அனுப்பாதே. நீங்கள் மூவரும் குறைவில்லாமல் நிறைந்து வாழ எங்கள் ஆசீர்வாதம், அம்மாவும் பக்கத்தில் நின்று எழுதச் சொல்கிறாள். தொகுதி வசந்தகாலத்தில் உன் நூலகத்துக்கு வரும். வகுப்பில் அந்தக் கட்டுரையைத் தாண்டிப் போகாதே. அந்தப் பெயர் உனக்கு என்ன உறவு என்று யாராவது கேட்டால், தலை குனியாமல் என் அப்பா என்று சொல்.

உன் அப்பா
ஒக்டாவியன் நெக்ரியா