பெயர் எழுத விட்ட இடம்

ஜூன் 3

காது கேட்டும் கேட்காத என் அப்பாவுக்கு,

பாப்பா இப்போதுதான் தூங்கினாள். எப்போது வேண்டுமானாலும் எழுந்துவிடுவாள். கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனில் உயில் என்று ஆரம்பித்தாலே, "சரியா கேக்கலம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். பாப்பாவுக்குப் பல் முளைத்ததை மட்டும் மெதுவாகச் சொன்னாலும் கேட்கிறது.

நீங்கள் குளியலறையில் வழுக்கி விழுந்ததை எனக்கு யார் சொன்னது? மருந்துக்கடைக்காரர். விசில் மாமாதான் உங்களை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனாராம். "நீங்க இவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்களாம். "இவர் ஓட்டின பஸ்ஸுல நான் கண்டக்டர்" என்று மாமா சொல்ல, ஏற இறங்கப் பார்த்தார்களாம். அதைக் கேட்டதிலிருந்து போனைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டு தூங்குகிறேன்.

இத்துடன் இரண்டு தாள்கள் வைத்திருக்கிறேன். என் வக்கீல் தோழி எழுதிக் கொடுத்தவை. ஒன்று உயில். மற்றது, உங்களால் பேச முடியாமல் போனால் வைத்தியத்தைப் பற்றி யார் முடிவு சொல்வது என்பதற்கு. மூச்சுக்கு மெஷின் வைப்பதா, எடுப்பதா, எல்லாம் அந்த ஆள் சொல்வதுதான். பெயர் எழுத இடம் விட்டிருக்கிறேன். நானே என் பெயரை எழுதி அனுப்பினால் நன்றாகவா இருக்கும்? நீங்களே எழுதிவிடுங்கள்.

பிறகு பழைய பாட்டுத்தான். இங்கே வந்துவிடுங்கள். கூடத்தை ஒட்டிய அறையை உங்களுக்காகக் காலி செய்துவிட்டோம். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பிகூட அடித்தாயிற்று.

உங்கள் வாயாடி

ஜூன் 12

என் வாயாடிக்கு,

இடுப்பு வலி பரவாயில்லை. மருந்துக்கடைக்காரன் வாய்க்குத்தான் ஒரு பூட்டு வாங்கணும்.

நீ சொன்னபடியே செஞ்சுட்டேன். வீடு உனக்கு. அதுல எனக்கு யோசனையே இல்லை. மழை விட்டதும் உன்கிட்ட வந்துடறேன். கம்பி அடிச்ச பிறகு வராம இருந்தா மாப்பிள்ளை கோவிச்சுக்குவார்.

ரெண்டாவது தாளில் விசில் மாமா பேரைப் போட்டிருக்கேன். அவன்கிட்ட கேட்டுட்டுத்தான். "போடா, எனக்கு எதுக்கு இந்த வம்பு"ன்னான். அப்புறம் தாளை வாங்கி ரெண்டு தடவை படிச்சான். கடைசியில சரின்னான்.

அடியில, வீட்டு ஆளுங்களுக்குத் தெரியும்னு ஒரு கையெழுத்து கேக்குது. நீ போட்டு அனுப்பு.

பாப்பாவுக்கு முத்தம்.

அப்பா

ஜூன் 17

அப்பா,

தாள் வந்தது. கையெழுத்துப் போடவில்லை.

பத்து வயதிலிருந்து உங்கள் சர்க்கரை மாத்திரையை எடுத்துக் கொடுத்தவள் நான். உங்களைக் குளிப்பாட்டத் தயார், மலம் அள்ளத் தயார். அதற்கெல்லாம் மகள் வேண்டும். முடிவு சொல்ல மட்டும் ஊரான் வேண்டுமா? அந்த இடத்தைக் காலியாக விட்டு அனுப்பினேனே, எனக்கு மரியாதை தெரிந்த அளவுக்குப் புத்தி இல்லை.

ஒன்று கேட்கிறேன், ஒளிக்காமல் சொல்லுங்கள். உயிலில் வீடு கிடைக்கப் போகிறவள், சீக்கிரம் முடித்துவிடுவாள் என்று பயமா?

உங்கள் மகள்

ஜூன் 26

அம்மாடி,

உன் கடுதாசியை மாமாகிட்ட காட்டலை. "ஊரான்"னு நீ எழுதினதைப் பார்த்தா அவன் சிரிப்பான். அப்புறம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட மாட்டான்.

நீ சீக்கிரம் முடிச்சுடுவேன்னு எனக்குப் பயம் இல்லை. முடிக்கவே விடமாட்டேங்கறதுதான் என் பயம்.

உங்கம்மா கடைசியில எப்படிக் கிடந்தா? குழாயைப் பிடுங்கறான்னு ரெண்டு கையையும் கட்டிலோட கட்டிப் போட்டாங்க. இனிமே ஒண்ணும் இல்லைன்னு டாக்டர் ஒவ்வொரு தடவை சொன்னப்பவும் "இன்னும் ஒரு வாரம் டாக்டர்"னு நீ கெஞ்சினே. நான் சுவத்தைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன். உன்னைக் குத்தம் சொல்லலை. வயித்துல பிள்ளையோட நிக்கிற பொண்ணுகிட்ட நான் என்னத்தைச் சொல்றது?

பஸ் ஓட்டறவனுக்குப் பின்னாடி நடக்கறது தெரியாது. மாமா விசில் அடிச்சா நிறுத்துவேன். ஏன்டா நிறுத்தச் சொன்னேன்னு ஒருநாளும் கேட்டதில்லை. அவனும் தேவையில்லாம அடிச்சதில்லை. என்மேல பாசம் இல்லாதவன்னு அவனை எடுக்கலை. பாசம் இருந்தும் கை நடுங்காதவன், அதான்.

என்னைப் பார்த்துக்கறது நீ. போதும்னு சொல்றது அவன். ரெண்டையும் உன் தலையிலயே வெச்சுட்டுப் போனா, அப்புறம் ஆயுசு பூரா நீ தூங்க மாட்டே.

இதுக்கு மேல வற்புறுத்த மாட்டேன். உனக்கு இஷ்டமில்லைன்னா தாளைக் கிழிச்சுப் போடு.

அப்பா

ஜூலை 9

என் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பாப்பாவின் அப்பாவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். படித்தார். "உங்க அப்பா சொல்றது சரிதானே" என்றார். அன்றைக்கு ராத்திரி தோசையை அவரே சுட்டுக்கொண்டார்.

அம்மா கையைக் கட்டியது எனக்குத் தெரியாமலா இருக்கும்? நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் அவிழ்த்துவிடுவேன். அவிழ்த்த கையை என் வயிற்றின்மேல் வைத்துக்கொள்வேன். உள்ளே பாப்பா உதைத்தால் அம்மா விரல் லேசாக அசையும். நிஜமாகவே அசைந்ததா, எனக்கு அப்படித் தோன்றியதா, இன்றுவரை தெரியாது. அதற்காகத்தான் இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம் என்று கேட்டேன். உங்கள் விஷயத்திலும் அப்படித்தான் கேட்பேன். இப்போதும் அதில் எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் கட்டிலில் கிடக்கப்போவது நீங்கள். கேட்டுக்கொண்டே இருக்கப்போவது நான். அதனால் நீங்கள் சொல்கிறபடியே இருக்கட்டும்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். தாள் இத்துடன் வருகிறது. மாமாவைப் பற்றி எழுதியதை மறந்துவிடுங்கள். மழை விட்டதும் அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அறை சின்னதுதான், இரண்டு கட்டில் போடலாம்.

மாமாவிடம் ஒன்றே ஒன்று சொல்லி வையுங்கள். அந்த நாள் வந்தால், நான் வந்து உங்கள் பக்கத்தில் உட்காரும் வரைக்கும் பொறுத்திருக்கச் சொல்லுங்கள். வந்த பிறகு, இன்னும் ஒரு வாரம் என்று கேட்பேன். கேட்டால் கேட்டுவிட்டுப் போகிறேன். அவர் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

உங்கள் வாயாடி